கம்பெனி எப்படி என்று கேட்காதீர்கள்

ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது அந்த போன் வந்துவிடும். ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு கேம்பஸில் வேலை கிடைத்திருக்கும். அல்லது மூன்று வருடம் ஓரிடத்தில் இருந்த பெண்ணுக்கு வேறு இடத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கும். நலம் விசாரித்து முடிந்ததும் கேட்பார்கள்: "அண்ணா, அந்தக் கம்பெனி எப்படிண்ணா?"

பதினேழு வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். தரமணியில் தொடங்கி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நான்கு நிறுவனங்கள் மாறியாயிற்று. இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடிந்ததே இல்லை.

சோழிங்கநல்லூரில் நான் இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் இரண்டு டீம்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒரு டீம் இங்கிலாந்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வருவார்கள், இரவு ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம் டிக்கெட்டே வராது. பக்கத்து டீமுக்கு அமெரிக்கக் கடை நிறுவனம் ஒன்றின் புரொடக்ஷன் சப்போர்ட். நவம்பர் கடைசியில், அமெரிக்கர்கள் நன்றியறிதல் விருந்தை முடித்துவிட்டுக் கடைகளில் குவிகிற அந்த நான்கைந்து நாட்கள், இங்கே ஒருவருக்கும் லீவு கிடையாது. இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் போன் அடிக்கும். ஒரே கம்பெனி, ஒரே ஐ.டி. கார்டு, ஒரே கேன்டீன் சாப்பாடு. முதல் டீமில் இருந்த ஒருவன் தன் தம்பியையும் அங்கேயே சேர்த்துவிட்டான். இரண்டாவது டீமில் இருந்த ஒருவன் எட்டு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டான். கம்பெனியைப் பற்றி இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

சம்பளம் போடுவது கம்பெனி. உங்கள் நாளை நடத்துவது புராஜெக்ட். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஐ.டி. வேலையின் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். ஐ.டி. நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் 2025 கணக்கில் சுமார் 58 லட்சம் பேர் இந்தத் துறையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சேவை நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். சேவை நிறுவனம் விற்பது ஆட்களின் நேரத்தை. வாடிக்கையாளர் அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கிறார். அதைத்தான் பில்லிங் என்கிறோம். நீங்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த டெக்னாலஜியில் கை வைக்க வேண்டும், பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்பதையெல்லாம் எங்கோ இருக்கும் அந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவர் உங்கள் மேனேஜர். நல்ல மேனேஜர் வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்வார். பயந்த மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சுமையை டீமின் தலையில் இறக்குவார்.

கேட்க வேண்டியது என்ன, யாரிடம்?

இன்டர்வியூ முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் "இல்லை சார்" என்று எழுந்து வந்துவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தை விடாதீர்கள். வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர்? ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? இது புதிதாக எழுதும் வேலையா, ஓடிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றும் சப்போர்ட்டா? எந்நேரமும் போன் எடுக்க வேண்டிய ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும்? இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எங்கே போனார்? கடைசிக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் முகம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். ஒரு முறை நான் இதைக் கேட்டபோது, "அவர் பிரமோஷனாகி அடுத்த டீமுக்குப் போனார், வேண்டுமானால் அவரிடமே பேசுங்கள்" என்று சட்டென்று சொன்னார்கள். அந்த வேலையில் ஆறு வருடம் இருந்தேன்.

வெளியே விசாரிக்கும்போது, சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதைப் பாருங்கள். "சூப்பர் கம்பெனி, ரெஸ்யூமை எனக்கு அனுப்பு" என்கிற நண்பருக்கு, நீங்கள் சேர்ந்தால் ரெஃபரல் போனஸ் கிடைக்கும். அது தவறில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர் பாராட்டில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். போன வாரம் சண்டை போட்டுவிட்டு வெளியேறியவரின் கோபத்திலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். என் அனுபவத்தில் சரியான சாட்சி, அந்த புராஜெக்ட்டைவிட்டு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு முன்பு விலகியவர். அவருக்குக் கோபம் ஆறியிருக்கும், ஆனால் எதையும் மறந்திருக்க மாட்டார். அவரிடம் "நல்லதா, கெட்டதா?" என்று கேட்காமல், "ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். காலையில் முதல் மீட்டிங் எத்தனை மணிக்கு, கடைசி மீட்டிங் எப்போது முடியும், சாப்பாட்டை டேபிளிலேயே வைத்துச் சாப்பிடுவார்களா என்பதெல்லாம் தானாக வந்துவிழும்.

சொந்தப் பொருளைச் செய்து விற்கும் புராடக்ட் கம்பெனிகளில் கணக்கு வேறு. 1996-இல் தொடங்கிய ஜோஹோவும், 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் நாம் அறிந்த உதாரணங்கள். அங்கே பில்லிங் இல்லை, அடுத்த புராஜெக்ட்டுக்காகக் காத்திருக்கும் பெஞ்ச்சும் இல்லை. எழுதிய புரோகிராம் பல வருடம் உங்கள் கண் முன்னேயே ஓடும், அதன் குறையும் உங்களைத் தேடி வரும். படிநிலைகள் குறைவு, அதனால் பதவிப் பெயர் மெதுவாகத்தான் மாறும். ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்ட பிறகு, சென்னை வாடகையும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கும் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று ஊரில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிட்டது. இன்னொரு வகை ஜி.சி.சி. எனப்படும், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களுக்காகவே இங்கே நடத்தும் மையங்கள். சம்பளம் பொதுவாக சேவை நிறுவனங்களைவிட நன்றாக இருக்கும். ஆனால் தலைமையகத்தில் ஒருவர் கொள்கையை மாற்றினால் இங்கே ஒரு தளமே காலியாகலாம். இங்கெல்லாம் "இந்த வேலையை முடிவு செய்கிறவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்த ஆண்டுச் செலவு, ஆறு லட்சம் என்றதும் வீட்டில் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்ததும் வருத்தம். எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். அதில் பத்து சதவீதம் வேரியபிள் பே என்றால் 60,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. காலாண்டிலோ ஆண்டிறுதியிலோ, கம்பெனி எவ்வளவு என்று தீர்மானிக்கிறதோ அவ்வளவு வரும். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், கம்பெனி செலுத்தும் பி.எஃப். 12 சதவீதம், 36,000. கிராஜுவிட்டிக்காக அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 14,400. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு 6,000. மீதியைப் பன்னிரண்டால் வகுத்து, உங்கள் பங்கு பி.எஃப். மாதம் 3,000-ஐயும் தொழில் வரியையும் கழித்தால் கைக்கு வருவது 37,000 சொச்சம். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனாலும் வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த 37,000-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். எச்.ஆரிடம் "மாதம் டேக் ஹோம் எவ்வளவு, பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். தினம் பத்துப் பேருக்கு அவர்கள் சொல்லும் பதில்தான் அது.

ஃப்ரெஷருக்கு ஒரு வார்த்தை. பெரிய சேவை நிறுவனங்களில் புதியவர்களின் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. இந்தக் காலத்தில் ஓ.எம்.ஆர். வாடகை எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். இது உங்கள் திறமையின் விலை இல்லை. கூட்டம் கூட்டமாக ஆள் எடுக்கும்போது கம்பெனிகள் வைக்கும் விலை. முதல் சம்பளத்தைப் பார்த்து உங்களை நீங்களே குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வருட அனுபவம் சேர்ந்த பின்தான் பேரம் பேசும் பலம் வரும்.

இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு இருந்தால் தொகையையும் காலத்தையும் படியுங்கள். "கோர்ட்டில் நிற்காது" என்று காலேஜ் சீனியர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுத்துறை வங்கி ஒன்றின் மூன்றாண்டு, இரண்டு லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்காக எந்தத் தொகை எழுதினாலும் செல்லும் என்றும் இல்லை. ஒன்று மட்டும் உறுதி: ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்காதீர்கள். அதைக் கேட்கிற இடம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பங்கு தருகிறோம் என்று சொல்லும் ஸ்டார்ட்-அப்களும் உண்டு. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் இறங்கியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அது உண்மை. பங்குக் காகிதம் கடைசிவரை காகிதமாகவே இருந்துவிட்ட இடங்களும் எத்தனையோ. பொதுவாக நான்கு வருடத்தில் பிரித்துத் தருவார்கள், முதல் வருடம் முடியும் முன் கிளம்பினால் ஒன்றுமில்லை. என்ன விலைக்கு வாங்க வேண்டும், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும், அப்போது வரி எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் இந்தப் பங்கைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பெஞ்ச்

புராஜெக்ட் இல்லாமல் இருக்கும் காலத்துக்குப் பெயர் பெஞ்ச். நான் சேர்ந்த காலத்தில் மூன்று மாத பெஞ்ச் என்பது புதியவர்களுக்கு விடுமுறை மாதிரி. டேபிள் டென்னிஸ், மாமல்லபுரம் பைக் பயணம், மாலையில் டீக்கடை. இன்று அப்படி இருந்துவிட முடியாது. டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே பணியாளர்களில் சுமார் இரண்டு சதவீதம், 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். புதியவருக்கு பெஞ்ச் பயம் என்றால், பதினைந்து வருட அனுபவம் உள்ளவருக்கு இன்னும் பெரிய பயம்: அவர் சம்பளத்துக்குப் பில் கொடுக்க வாடிக்கையாளர் வேண்டும்.

பெஞ்ச்சில் விழுந்தால் முதல் நாளே உங்கள் உள் ரெஸ்யூமைப் புதுப்பியுங்கள். ஆர்.எம்.ஜி. என்கிற ஆள் ஒதுக்கும் பிரிவுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் போகட்டும். இந்த வாரம் எந்தெந்த இன்டர்வியூவுக்குப் போனேன், என்ன பதில் வந்தது, என்ன படித்தேன் என்று நான்கு வரி. நாளைக்கு "நீங்கள் முயற்சியே எடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அது வேண்டும். ஆனால் அதைவிடப் பலன் தருவது, பழைய டீம் லீடுகளுக்கு நேராக ஒரு போன். என் மூன்று புராஜெக்ட் மாற்றங்களில் இரண்டு, டீ குடிக்கும்போது பேசியதில் நடந்தவை.

கிடைத்த முதல் புராஜெக்ட் பழைய டெக்னாலஜி சப்போர்ட் என்றால் ஏற்கலாமா? புதியவர் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஓடுகிற சிஸ்டம் எங்கே உடையும் என்பதை சப்போர்ட்டில் கற்பதுபோல வேறெங்கும் கற்க முடியாது. ஆனால் அன்றே காலண்டரில் பதினெட்டாவது மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் புராஜெக்ட்டிலிருந்து ரிலீஸ் கேட்டு எழுத்தில் மின்னஞ்சல் போக வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்ற பதிலிலேயே நான்கு வருடம் ஓடிவிடும். அப்படியே வருடங்களை ஓட்டிவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. நாற்பது வயதில் மார்க்கெட்டுக்கு வந்து அவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்ரைசல்: அறையில் நீங்கள் இல்லாத இரண்டு நிமிடம்

என் இரண்டாவது வருடத்தில், ஒரு புரொடக்ஷன் சப்போர்ட் டீமில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பதினோரு மாதம் இரவு ஷிஃப்ட். மாதக் கடைசியில் ஓடும் ஒரு பேட்ச் ஜாப் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். நான்கு மாதம் போராடி அதைச் சரிசெய்தேன். அந்தப் பெருமையில், மேனேஜருக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன். அக்டோபரில் மேனேஜர் ஆன்சைட்டாக வாடிக்கையாளர் நாட்டுக்குப் போனார். புதியவர் வந்தார். மார்ச்சில் செல்ஃப் அப்ரைசல் படிவத்தில் நான் எழுதியது ஒரே வரி: "சப்போர்ட் வேலைகளைச் சிறப்பாகச் செய்தேன்." ரேட்டிங் வந்தது: சராசரி. சம்பள ஹைக் நாலு சதவீதம். அன்று இரவு அறைக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். புது மேனேஜர் மேல் எனக்கு இருந்த கோபம் தீர இரண்டு வருடம் ஆயிற்று. நானே லீடாகி அந்த அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் தீர்ந்தது.

அந்த அறையில் நடப்பதைச் சொல்கிறேன். நார்மலைசேஷன் என்று பெயர். ஏழெட்டு மேனேஜர்கள், திரையில் நூறு நூற்றைம்பது பெயர்கள். முதல் ரேட்டிங் இத்தனை சதவீதம் பேருக்குத்தான் என்று மேலிருந்து அளவு வந்திருக்கும். பெல் கர்வ் என்பது இதுதான். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். உங்களை அறியாத இன்னொரு மேனேஜர் கேட்பார்: "இவர் என்ன செய்தார்?" உங்கள் மேனேஜர் அந்த நொடியில் சொல்ல ஒரு வரி வேண்டும். அந்த வரி அவர் கையில் இருந்தால் உங்களுக்காக வாதாடுவார். இல்லையென்றால், நல்லவராகவே இருந்தாலும், "நல்ல பையன், கடுமையாக உழைப்பான்" என்பார். அதே பாராட்டைத் திரையில் இருக்கும் நூறு பேருக்கும் சொல்லலாம்.

நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி: "மாதக் கடைசி பேட்ச் ஜாப் ஐந்து மணி நேரம் ஓடியது, மூன்று முறைக்கு ஒருமுறை நின்றது. இண்டெக்ஸ் மாற்றியபின் ஒன்றே முக்கால் மணி நேரம். நவம்பர் முதல் ஒருமுறைகூட நிற்கவில்லை." முன்பு எப்படி இருந்தது, நீங்கள் தொட்டபின் எப்படி ஆனது, எப்போதிலிருந்து. இந்த மூன்றும் இருக்கிற வரியை எந்த மேனேஜராலும் வாசித்துக்காட்ட முடியும்.

இதை மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் பிப்ரவரிதான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் செய்ததில் எண்ணோடு சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால் குறியுங்கள். வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய மின்னஞ்சலின் தேதியைக் குறியுங்கள். ஆனால் அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்த ஜிமெயிலுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். தகவல் கசிவு என்று அதற்கே வேலை போகும். உங்கள் சொந்த வார்த்தையில், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாத குறிப்பு போதும். இதே எச்சரிக்கை ஏ.ஐ. சாட் கருவிகளுக்கும் பொருந்தும்: கம்பெனி அனுமதிக்காத கருவியில் வாடிக்கையாளரின் புரோகிராமை ஒட்டிக் கேள்வி கேட்பது, அவர்கள் பெட்டகத்தை வழிப்போக்கரிடம் திறந்து காட்டுவதற்குச் சமம்.

மேனேஜர் மாறுகிறார் என்று தெரிந்த வாரமே, அதுவரை செய்ததை ஒரு பக்கமாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். "புதியவரிடம் ஒப்படைக்கும்போது இதையும் சேர்த்துவிடுங்கள் சார்" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் மறுத்ததில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருடம் எனக்கு முதல் ரேட்டிங் வாங்கித் தர உங்களுக்கு என்ன வேண்டும்?" பதிலை அன்று மாலையே "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலாக்கிவிடுங்கள். முறைப்பாக வேண்டாம், சாதாரணமாக எழுதுங்கள். ரேட்டிங் பிடிக்கவில்லை என்றால் சண்டை போடுவதற்குப் பதில், "எந்த வேலை எதிர்பார்ப்புக்குக் குறைவாக இருந்தது?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சொல்ல முடியாமல் தடுமாறினால், காரணம் உங்கள் வேலையில் இல்லை, அளவில் இருக்கிறது என்று புரியும். அப்போது புராஜெக்ட் மாறுவதா, கம்பெனி மாறுவதா என்று நிதானமாக யோசிக்கலாம்.

பெண்கள் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டியவை

2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கவோ, பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவோ சட்டம் அனுமதிக்கவில்லை. சட்டத்தில் தெளிவாக இல்லாத இடம் ரேட்டிங். "ஆறு மாதம் ஆளே இல்லையே" என்று குறைந்த ரேட்டிங்கைத் தள்ளிவிடும் வழக்கத்தைப் பல டீம்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. விடுப்புக்குப் போகும் முன், இருந்த மாதங்களில் செய்ததை எழுதிக் கொடுத்து, "இந்த மாதங்களை வைத்து மதிப்பிடுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அதே புராஜெக்ட்டா, பெஞ்ச்சா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பாலியல் தொந்தரவு என்றால், 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். உறுப்பினர்கள் பெயர் அலுவலகத்தில் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று சேர்ந்த வாரமே பார்த்துவையுங்கள். டீம் லீடிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அந்த மூன்று மாதம் போய்விடும்.

கையெழுத்துப் போடச் சொன்னால்

சில சமயம் அழைப்பு திடீரென வரும். சின்ன மீட்டிங் ரூம், எச்.ஆரிலிருந்து இரண்டு பேர், மேஜையில் ஒரு தாள். "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும். இல்லையென்றால் டெர்மினேஷன் என்று போட வேண்டியிருக்கும்." போன், சில இடங்களில் லேப்டாப்பும்கூட, வெளியே வைக்கச் சொல்வார்கள். அந்த அறையில் உட்கார்ந்த நண்பர்கள் சொல்வது ஒன்றே: அப்போது மூளை வேலை செய்யாது, வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மட்டும்தான் ஞாபகம் வரும்.

அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டு நாளை மின்னஞ்சலில் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லி எழுந்து வாருங்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால், காகிதத்தில் நீங்களாக விரும்பி விலகியவர். ஆட்குறைப்பு என்றால், மேலாளர், மேற்பார்வைப் பொறுப்புகளில் இல்லாத, ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். இந்த உரிமை சாஃப்ட்வேர்காரர்களுக்கு இல்லை என்று நெடுநாள் நம்பவைக்கப்பட்டது. 2015 ஜனவரியில், பெரிய நிறுவனம் ஒன்றின் சென்னை ஊழியர், கருவுற்றிருந்த பெண், சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பணி நீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு, ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு எழுப்பலாம் என்று தெளிவுபடுத்தியது. இன்று சென்னையில் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் அவர்களிடமோ ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ பேசுங்கள். பேசிவிட்டு, கொடுக்கும் தொகை நியாயம் என்று தோன்றினால் ராஜினாமாவே செய்யலாம். தெரிந்து செய்யுங்கள்.

நீங்களாகப் பேப்பர் போடும்போது

எழுத்தில் ஆஃபர் வரும்வரை பேப்பர் போட வேண்டாம், அதாவது ராஜினாமா கொடுக்க வேண்டாம். நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 90 நாள். புது இடம் காத்திருக்குமா, மீதி நாளுக்குப் பணம் கட்டி விலகும் பை-அவுட்டை யார் கொடுப்பது என்று முன்பே முடிவாகட்டும். பேப்பர் போட்டதும் பழைய இடம் சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்றால், நீங்கள் கிளம்ப நினைத்த காரணம் சம்பளம்தானா என்று உங்களையே கேளுங்கள். மேனேஜர் காரணம் என்றால், சம்பளம் ஏறிய பின்னும் அவர் அங்கேயேதான் இருப்பார்.

ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்கள் தேதியைப் பார்த்துப் பேப்பர் போடுங்கள். நிரந்தர ஊழியரின் கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் முழு ஐந்தைக் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. நான்கைந்து வாரத்துக்காக அந்தச் சண்டை தேவையா என்று பாருங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்த சர்வீஸ் ஐந்து ஆண்டாகும் முன் எடுத்தால் வரி உண்டு.

பலரும் மறப்பது இன்ஷூரன்ஸ். கம்பெனி கொடுக்கும் மெடிக்கல் பாலிசி, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, பொதுவாக உங்கள் கடைசி நாளோடு முடிந்துவிடும். புது இடத்தில் சேர இருபது நாள் இருந்தால், அந்த இருபது நாளும் வீட்டில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. புது இடத்தில் பெற்றோருக்குக் காப்பீடே இல்லாமலும் போகலாம். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வேண்டிவரும். ஆகவே பேப்பர் போட்ட வாரமே, இருக்கும் குழுப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால் நேரம் கடந்திருக்கலாம்.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு லாகின் அணைந்துவிடும். அதற்குள் எல்லா மாதத்துச் சம்பளச் சீட்டு, முந்தைய ஆண்டுகளின் ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள், ஆஃபர் லெட்டர் எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும். லேப்டாப் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். கேன்டீன் கார்டில் மீதி இருந்தால் செக்யூரிட்டி அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பின்னர் பி.எஃப். தளத்தில் உங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்றவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும், ஐந்து நிமிட வேலை.